எழுதப்படாத மருந்து

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடைக்கால இரவு. இஷா முடிந்து வீடு திரும்பியபோது வாசலில் என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு வயது மகன் தோளில் துவண்டு கிடந்தான்.

"காக்கா, காலையிலிருந்து எட்டுத் தடவை போய்விட்டது. வெறும் தண்ணீராகப் போகிறது. டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாம், வாருங்கள்" என்றாள்.

உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது: "பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துவிடாதே. கொடுக்கக் கொடுக்கப் போய்க்கொண்டே இருக்கும்."

தனியார் கிளினிக் ஒன்றுக்குச் சென்றோம். எங்களுக்கு முன்னால் முப்பது பேர் காத்திருந்தனர். எங்கள் முறை வந்தபோது மருத்துவர் குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இரண்டொரு கேள்விகள் கேட்டார். நான் இடையில் புகுந்து, "நல்ல மருந்தாக எழுதிக் கொடுங்கள், டாக்டர். விலை கூடினாலும் பரவாயில்லை. ஊசி போடுவதானாலும் போடுங்கள். காலையில் நின்றுவிட வேண்டும்" என்றேன். அவர் ஓர் ஊசி போட்டார். ஆன்டிபயாடிக் மருந்து ஒன்று, வாந்திக்கு ஒன்று, வயிற்றுப் பொருமலுக்கு ஒன்று என மூன்று மருந்துகளைச் சீட்டில் எழுதினார். நானூறு ரூபாய்க்குமேல் செலவாயிற்று. நல்ல வைத்தியம் பார்த்துவிட்டோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினோம்.

மறுநாள் மாலை குழந்தையின் கண்கள் குழிவிழுந்து போயின. நாக்கு உலர்ந்தது. அழுதான், கண்ணீர் வரவில்லை. பதறிப்போய் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பணியிலிருந்த செவிலியர் எங்கள் மருந்துச் சீட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "எல்லாம் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். எங்கே?" என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்துத் தங்கையின் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தார். நான்கு மணி நேரம் அவள் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். நள்ளிரவில் பிள்ளை கண் திறந்து, "உம்மா, கஞ்சி" என்றான்.

அன்றிரவு என் மனத்தில் எழுந்த கேள்வி இதுதான்: செவிலியருக்குத் தெரிந்த ஒன்று, பட்டம் பெற்ற மருத்துவரின் சீட்டில் ஏன் இல்லை? நெடுநாள் அந்த மருத்துவர்மீது கோபமாகவே இருந்தேன். பின்னர் இது குறித்துக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். விடையின் ஒரு பாதி அந்தக் கிளினிக்கில் நான் பேசிய பேச்சிலேயே இருந்தது என்பது அப்போதுதான் புலப்பட்டது.

நெறிமுறை சொல்வது என்ன?

எந்த நோய்க்கு எந்த மருந்தை, எந்த அளவில், எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்று ஆய்வுகளின் அடிப்படையில் வகுக்கப்படுபவை சிகிச்சை நெறிமுறைகள். உலக சுகாதார நிறுவனம் இவற்றை வெளியிடுகிறது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய சுகாதார அமைச்சகமும் வெளியிடுகின்றன. இன்றியமையாத மருந்துகளின் பட்டியல் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாக 1977-இல் வெளியிட்டது. இந்தியாவின் தேசியப் பட்டியல் 1996-இல் வெளிவந்தது. 2022-இல் திருத்தப்பட்டபோது அதில் 384 மருந்துகள் இடம்பெற்றன.

குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கான நெறிமுறை மிக எளியது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை அதைத் தெளிவாக வரையறுத்தது. உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய ஓ.ஆர்.எஸ். கரைசல், அதனுடன் 10 முதல் 14 நாள் துத்தநாகம், அதாவது ஜிங்க் மருந்து, தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாமல் தொடர்தல். இவ்வளவுதான். ஆன்டிபயாடிக் மருந்து எல்லாருக்கும் உரியதன்று. மலத்தில் இரத்தம் காணும் சீதபேதி, காலரா போன்ற சில நிலைகளில் மட்டுமே அது தேவைப்படும். ஏனெனில் சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்குகளில் பெரும்பாலானவை ரோட்டா போன்ற வைரஸ்களால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி வைரஸைத் தொடாது.

வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கிருமியன்று, நீரிழப்பே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி இந்நோயால் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட 4 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறக்கின்றனர். இவர்களில் மிகப் பலரைக் காக்கக்கூடிய மருந்தின் விலையோ, ஒரு வேளைத் தேநீர்ச் செலவுதான்.

முகாமில் பிறந்த பாடம்

வெறும் உப்பும் சர்க்கரையும் எப்படி மருந்தாகும் என்று கேட்கத் தோன்றும். நம் குடலின் சுவரில் ஒரு வாசல் உண்டு. குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே நுழையும்போது தண்ணீரும் பின்னாலேயே நுழைந்துவிடும். கடுமையான பேதியிலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. வெறும் தண்ணீரால் ஆகாதது சரியான அளவில் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரால் ஆவதன் இரகசியம் இதுவே.

இதனை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டிய இடம் நம் நாட்டில்தான் உள்ளது. 1971-ஆம் ஆண்டு, வங்கதேச விடுதலைப் போரின்போது, எல்லை கடந்து வந்த அகதிகள் மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாம்களில் குவிந்தனர். அங்கே காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் போதவில்லை. ஏற்றுவதற்குப் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லை. கல்கத்தாவிலிருந்து அங்கே சென்றிருந்த குழந்தை மருத்துவர் திலீப் மகாலனபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டச் செய்தார். பெரிய பீப்பாய்களில் அவற்றைக் கரைத்து வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே குவளைகளில் பிடித்துச் சென்று ஊட்டினார்கள். அதற்குமுன் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த அந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

லான்செட் மருத்துவ இதழ், இது அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடும் என்று 1978-இல் தலையங்கம் எழுதியது. மகாலனபிஸ் 2022-இல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அந்த முகாமில் மருந்தை ஊட்டியவர்கள் மருத்துவர்கள் அல்லர். தாய்மாரும் தந்தைமாரும் உடன்பிறந்தோருமே. வாசக சகோதரிகள் இதனைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இதைச் சுற்றியே அமைகிறது.

சீட்டு சொல்வது என்ன?

நெறிமுறை இவ்வாறிருக்க, நடைமுறை எவ்வாறு இருக்கிறது? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடைபெற்றது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 61 பேருக்கே ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பட்டது, ஜிங்க் பெற்றவர்கள் நூற்றுக்கு 31 பேர்கூட இல்லை. இதற்கு முந்தைய சுற்றைவிட இது முன்னேற்றமே. எனினும் ஐம்பது ஆண்டுகளாக அறியப்பட்ட, மிக மலிவான ஒரு மருந்து பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ நால்வருக்குக் கிட்டவில்லை.

இந்த இடைவெளி வயிற்றுப்போக்கோடு நிற்பதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு, 2019 ஆகஸ்டு முதல் 2020 ஆகஸ்டு வரை, நாட்டின் பெரிய மருத்துவமனைகளைச் சேர்ந்த 13 மையங்களில் எழுதப்பட்ட 4,838 மருந்துச் சீட்டுகளை வல்லுநர்கள் நெறிமுறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அந்த ஆய்வின் முடிவு 2024-இல் வெளிவந்தது. நூற்றுக்கு 45 சீட்டுகள் ஏதேனும் ஒரு வகையில் நெறிமுறையிலிருந்து விலகியிருந்தன. அவற்றுள் 475 சீட்டுகளில், அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில், காணப்பட்ட விலகல் ஏற்கத்தக்கதன்று என்று வல்லுநர்கள் கருதினர். தேவையின்றி அதிகம் எழுதப்பட்டவற்றுள் முன்னணியில் நின்றது பான்டோப்ரசோல். நம் வீடுகளில் 'கேஸ் மாத்திரை' என்று வழங்குகிறோமே, அந்த வகைதான்.

ஆன்டிபயாடிக் மருந்துகளின் கதையும் இதுவே. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இவற்றை மூன்று பிரிவுகளாகப் பகுத்தது. முதலில் கையாள வேண்டியவை, கவனத்துடன் கையாள வேண்டியவை, கடைசிக் கட்டத்துக்கெனக் காத்து வைக்க வேண்டியவை என்பன அப்பிரிவுகள். இந்தியாவின் தனியார் மருந்து விற்பனையை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. 2019-ஆம் ஆண்டில் மிக அதிகமாக உட்கொள்ளப்பட்ட ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை என்று அது கண்டது. இம்மருந்து இரண்டாம் பிரிவைச் சேர்ந்தது. சளிக்கும் தொண்டை வலிக்கும் மூன்று மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அறியாமையா, ஆதாயமா?

மருத்துவருக்குத் தெரியவில்லை என்பார் சிலர். மருந்து விற்றால் இலாபம் என்பதற்காக எழுதுகிறார் என்பார் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஆய்வுகள் காட்டும் முழுப் படம் வேறாக உள்ளது.

பீகார் மாநிலக் கிராமப்புறங்களில் மருத்துவம் பார்ப்போரிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2015-இல் வெளிவந்தது. முதலில் அவர்களிடம், "இன்ன அறிகுறியுடன் ஒரு குழந்தை வந்தால் என்ன கொடுப்பீர்கள்?" என்று கேள்வியாகக் கேட்டனர். பெரும்பாலோர் ஓ.ஆர்.எஸ். என்றே விடை சொன்னார்கள். பின்னர் அதே அறிகுறிகளைச் சொல்லிக்கொண்டு, குழந்தையின் பெற்றோர்போல நடிக்கும் ஆட்களை அவர்களிடம் அனுப்பினர். அப்போது ஓ.ஆர்.எஸ். கொடுத்தவர்கள் மிகச் சிலரே. அறிவு இருந்தது, செயல் அதனைப் பின்பற்றவில்லை.

ஏன் பின்பற்றவில்லை? இக்கேள்விக்கு விடை தேடிய பெரிய ஆய்வொன்று 2024 பிப்ரவரியில் சயின்ஸ் இதழில் வெளியாயிற்று. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் கிளினிக்கும் மருந்துக் கடையும் நடத்தும் 2,282 தனியார்களிடம் அது நடத்தப்பட்டது. இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லிக்கொண்டு, பயிற்சி பெற்ற ஆட்கள் சென்றனர். சிலர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் படத்தைக் காட்டி அதை விரும்புவதாகச் சொன்னார்கள். சிலர் ஆன்டிபயாடிக் படத்தைக் காட்டினார்கள். சிலர் எதையும் விரும்பிக் கேட்கவில்லை. இன்னும் சிலர், மருந்தை வேறிடத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, விற்பனை இலாபத்துக்கு இடமில்லாமல் செய்தனர். ஆய்வில் பங்கேற்றோரில் பாதிப் பேருக்கு ஆறு வாரத்துக்குப் போதுமான ஓ.ஆர்.எஸ். முன்கூட்டியே வழங்கப்பட்டிருந்தது, கையிருப்பு இல்லை என்ற காரணமும் இவ்வாறு சோதிக்கப்பட்டது.

முடிவு என்ன தெரியுமா? ஓ.ஆர்.எஸ். எழுதப்படாமல் போவதற்கு இலாப நோக்கம் காரணமானது நூற்றில் 5 பங்கு. கையிருப்பு இல்லாமை 6 பங்கு. 'நோயாளி வீட்டார் இதை விரும்ப மாட்டார்கள்' என்ற தவறான எண்ணமோ 42 பங்கு! வீட்டார் வாய் திறந்து ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று சொன்னபோது, அது கிடைப்பது 27 சதவீதப் புள்ளிகள் கூடியது.

இது தமிழகத்தில் நடந்த ஆய்வு அன்று. ஆயினும் இதைப் படித்தபோது அந்தக் கிளினிக்கில் நான் சொன்ன சொற்கள் என் காதில் மீண்டும் ஒலித்தன. "நல்ல மருந்தாக எழுதிக் கொடுங்கள்; ஊசி போடுவதானாலும் போடுங்கள்; காலையில் நின்றுவிட வேண்டும்." இப்படிக் கேட்டுவிட்டு நிற்பவனிடம் உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தை நீட்ட எந்த மருத்துவருக்கு மனம் வரும்? 'இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்று நான் முகம் சுளித்து, அடுத்த முறை அடுத்த தெருக் கிளினிக்குக்குப் போய்விடுவேன் என்று அவர் கருதியிருக்கலாம். உண்மையில் அன்று அவர் அதை மட்டும் கொடுத்திருந்தால் நான் அவ்வாறுதான் செய்திருப்பேன். அவர் எழுதாதது அவருடைய பிழை. எழுத விடாதது என்னுடைய பிழை.

மருத்துவர்களுக்கும் நியாயம் உண்டு

நெறிமுறையிலிருந்து விலகும் ஒவ்வொரு சீட்டும் தவறான சீட்டு என்று எவரும் முடிவுகட்டிவிடக் கூடாது. நெறிமுறை என்பது பொதுவான நோயாளியை மனத்தில் கொண்டு எழுதப்படுவது. எதிரே அமர்ந்திருப்பவரோ தனி மனிதர். அவருக்கு வேறு நோய் இருக்கலாம். ஒரு மருந்து ஒவ்வாதிருக்கலாம். மேலே சொன்ன 4,838 சீட்டுகளில் விலகியவை பாதிக்கு நெருக்கமாக இருந்தும், ஏற்கத்தகாதவை பத்தில் ஒன்றாகவே இருந்தன என்பதை மறக்கலாகாது. ஒரு மாலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவருக்கு, ஏன் இம்மருந்து தேவையில்லை என்று விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும். இந்நெருக்கடியையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் தேவையில்லாத மருந்து தீங்கற்றது என்று நினைப்பது பேதைமை. பணம் வீணாவது அதன் சிறிய பகுதி. ஆன்டிபயாடிக் மருந்தே சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அடிக்கடி உட்கொள்ளப்பட்டால் கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ளும். உண்மையாகவே தேவைப்படும் நாளில் மருந்து பலிக்காது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக உயிரிழந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. எல்லாவற்றினும் கொடியது, கைநிறைய மருந்து இருக்கிறது என்ற நினைப்பு தரும் போலி நிம்மதி. அந்த நிம்மதியில்தான் ஒரு பகல் முழுவதும் எங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஒரு மிடறு நீர்கூடச் சரியாகக் கொடுக்காமல் இருந்துவிட்டோம்.

கேட்கும் முறை

மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியுள்ளது. கேள்வி வேறு, சண்டை வேறு. பணிவான சொற்களில் எதனையும் கேட்கலாம். ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக எழுதுகிறோம் என்ற காரணத்தையும் சீட்டிலேயே குறிக்க வேண்டும் என்று, மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. அரசே காரணத்தை எழுதச் சொல்லும்போது, அதை வாய்மொழியாகக் கேட்டறிவதில் நமக்கென்ன தயக்கம்?

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று போகும்போது, "டாக்டர், எங்களுக்கு ஓ.ஆர்.எஸ். கொடுப்பதில் விருப்பம்தான், அதையும் ஜிங்க்கையும் எழுதித் தருகிறீர்களா?" என்று கேளுங்கள். மேலே கண்ட 42 பங்கைக் கரைக்கக்கூடியது இந்த ஒரு வாக்கியம். "இதில் ஆன்டிபயாடிக் இருக்கிறதா? எதற்காக? எத்தனை நாள் கொடுக்க வேண்டும்?" என்று அடுத்துக் கேளுங்கள். தேவை என்று அவர் காரணம் சொன்னால் குறித்த நாள்வரை தவறாமல் கொடுங்கள். குழந்தை தேறிவிட்டது என்று இடையில் நிறுத்தாதீர்கள். "ஊசி போடுங்கள்", "பெரிய மருந்தாகக் கொடுங்கள்" என்று நாமாகக் கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். சென்ற ஆண்டுச் சீட்டைக் கொண்டுபோய்க் கடையில் அதே மருந்தை வாங்குவதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட மருந்தை நம் பிள்ளைக்குக் கொடுப்பதும் கூடவே கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் இலவசமாகக் கிடைக்கும். மருந்துக் கடையில் வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்யப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவு, ஒரு லிட்டர் நீருக்கு 20.5 கிராம் தூள். பொட்டலங்களில் சிறியதும் பெரியதும் உண்டு. உறையில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதித் தூளைப் போட்டுக் கரைப்பதும், சுவைக்காகச் சர்க்கரை சேர்ப்பதும் தவறு. காய்ச்சி ஆறவைத்த நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மீந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கிய இனிப்புப் பானங்கள் சில காலம் கடைகளில் விற்பனையாயின. அவற்றில் சர்க்கரை மிகுதி. அது பேதியை மேலும் கூட்டவே செய்யும். இத்தகைய பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. எனவே அட்டைப் பெட்டியில் வரும் பழச்சாறுகளை மருந்தென்று கருதிவிடாதீர்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனபிறகும் கால் முதல் அரைக் கோப்பை. அதற்குமேல் பத்து வயதுவரை அரை முதல் ஒரு கோப்பை. பால்புட்டி வேண்டாம்; கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் மெதுவாகத் தொடருங்கள். பொட்டலம் கைக்கு எட்டாத வேளையில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு கூடிவிடாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. ஜிங்க் மருந்து ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம்; அதற்கும் சிறிய குழந்தைக்கு மருத்துவர் சொல்லும் அளவு. பேதி நின்ற பிறகும் சொல்லிய நாள்வரை தொடர வேண்டும். தாய்ப்பாலை ஒரு வேளையும் நிறுத்தக் கூடாது.

மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண்கள், எதையும் குடிக்க இயலாத நிலை, ஓயாத வாந்தி, கடுங்காய்ச்சல், எழுப்பினாலும் எழாத சோர்வு, சிறுநீர் பிரியாமை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கைக்குழந்தையாயின் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. வழியிலும் கரைசலை ஊட்டிக்கொண்டே செல்லுங்கள்.

மீண்டும் ஒரு கோடை

சென்ற கோடையில் தங்கையின் இளைய மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. எனக்குச் செய்தி எட்டியபோது முதல் குவளைக் கரைசல் உள்ளே போய்விட்டிருந்தது. "தண்ணீர் கொடுக்காதே" என்று முன்பு தடுத்த உம்மாவே பேத்தியை மடியில் கிடத்திக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அதே கிளினிக்குக்குத்தான் போனோம். தங்கை, தான் கொடுத்துவருவதைச் சொல்லிவிட்டு, "ஜிங்க் மட்டும் எழுதித் தாருங்கள், டாக்டர். வேறு ஏதும் தேவையென்று நீங்கள் நினைத்தால் சொல்லுங்கள்" என்றாள். மருத்துவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். குழந்தையை நன்றாகச் சோதித்தார். "வேறொன்றும் வேண்டாம் அம்மா. இப்படிக் கேட்டு வருபவர்கள் குறைவு" என்று சொல்லி, இரண்டே வரிகள் எழுதிக் கொடுத்தார். முதல் வரி ஓ.ஆர்.எஸ்.; இரண்டாம் வரி ஜிங்க்.

அந்தச் சீட்டை வாங்கியபோது, பழைய சீட்டின் நினைவு எனக்கு வந்தது. இரண்டையும் எழுதியது ஒரே கைதான். அன்று நான் கேட்டதை எழுதிய அந்தக் கை, இன்று என் தங்கை கேட்டதை எழுதியிருக்கிறது. நம் வீட்டு அலமாரியில் நான்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் எப்போதும் இருக்கட்டும். மருத்துவரின் முன் அமரும்போது அதன் பெயர் நம் நாவிலும் இருக்கட்டும்.